எது முந்துகிறதோ அது

கார் வாங்கிய ஆண்டிலிருந்து ஆயுத பூஜைக்கு நான்கு எலுமிச்சம்பழம் தவறியதே இல்லை. முதல் நாளே வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, அடிப்பக்கத்துச் சேற்றையெல்லாம் பீய்ச்சிக் கழுவி, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பானட்டுக்குக் குறுக்கே சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைப்போம். பூசணிக்காய் உடைந்த கையோடு நான் வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்துவேன். நான்கு பழமும் சேர்ந்தாற்போல் நசுங்கிவிட்டால் என் மனைவிக்கு அப்படி ஒரு திருப்தி. "இந்த வருஷத்துக்கு ஆச்சு" என்பாள். எனக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தச் சக்கரங்களை நிறுத்துகிற பிரேக் ஆயிலுக்கு வயது எட்டு என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

"காரை எத்தனை நாளைக்கு ஒருதரம் சர்வீஸ் விடணும்?" என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் உண்டு. இரண்டு பேர் பதில் ஒன்றாக இருக்காது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் தாண்டினாலும் இன்ஜின் போச்சு என்பார். அவர் ஓட்டப் பழகியது அம்பாஸடரில். என் மாப்பிள்ளை, "வண்டியே லைட் போட்டுச் சொல்லும் மாமா, அதுவரைக்கும் தொடாதீங்க" என்பார். கம்பெனி சர்வீஸிலிருந்து ஒரு பெண் மாதம் தவறாமல் போன் செய்து, "சார், உங்க வண்டி டியூ ஆயிடுச்சு" என்று, கடன் கேட்பவரின் பொறுமையோடு நினைவூட்டுவார். வேறொருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சத்தம் வந்தா பார்த்துக்கலாம், விடுங்க." உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்த பதில் அதுதான். செலவே இல்லாத பதில்.

வண்டியோடு வந்த கையேடும் ஒரு பதில் வைத்திருந்தது. இன்று நம் நாட்டுச் சாலையில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு அதே கணக்குதான்: 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. நான் இதை 'அல்லது' வரைக்கும்தான் படித்தேன். கல்யாணப் பந்தியில் காபி அல்லது டீ என்றால் நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வோம் அல்லவா, அந்த மாதிரி பத்தாயிரம் கிலோமீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசி மூன்று சொற்களை ஏதோ கம்பெனிக்காரன் எச்சரிக்கைக்காகச் சேர்த்தது என்று விட்டுவிட்டேன்.

வாங்கியது 2014-ல். மகள் திருச்சியில் படித்த காலத்தில் வண்டி நன்றாக ஓடியது. சர்வீஸும் ஒழுங்காக நடந்தது. அவள் வேலைக்குப் போனதும், ஓட்டம் திருவாரூருக்குள்ளேயே சுருங்கியது. வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு. வெள்ளிக்கிழமை கோயில். முகூர்த்த மாதங்களில் கும்பகோணம், மன்னார்குடி. 2019 ஜூனில் கையேட்டில் விழுந்த கடைசி முத்திரை 38,400 கிலோமீட்டர். அதன் பிறகு கொரோனா வந்து எல்லாரையும் போல வண்டியும் வீட்டில் உட்கார்ந்தது. 2022 மே மாதத்தில் மீட்டர் 44,100 காட்டியது. மூன்று ஆண்டில் 5,700 கிலோமீட்டர். பத்தாயிரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறதே என்ற தெம்பில்தான் கொல்லிமலைக்குக் கிளம்பினோம்: நான், மனைவி, அவளுடைய அக்கா, எண்பதைத் தொட்ட என் மாமியார். அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் வெகுநாள் ஆசை.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. காரவள்ளியிலிருந்து மேலே போகிற அந்தச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருப்பார்கள். அக்காவும் தங்கையும் குழந்தைகள் மாதிரி எண்ணிக்கொண்டே வந்தார்கள். இறங்கும்போது எண்கள் தலைகீழாக வந்தன. நான் மூன்றாவது கியரில், காலைப் பிரேக்கில் வைத்தபடியே இறங்கினேன். நடுவழியில் எங்கேயோ தீய்ந்த வாடை வந்தது. யாரோ குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த இரண்டு வளைவு கழித்து மிதித்தபோது, பெடல் பஞ்சு மூட்டையை மிதித்தது போல உள்ளே போனது. பாதி தூரம் வரைக்கும் எதுவும் பிடிக்கவில்லை.

அந்த நொடியில் பயம்கூட வரவில்லை. பழகின ஒன்று சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும்போது வருகிற திகைப்புதான் வந்தது. இரண்டு மூன்று தரம் விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைச் சுவரை ஒட்டினாற்போல் நிறுத்தினேன். மைத்துனி இறங்கி ஓடிப் போய், ஆள் தலை அளவு கல் ஒன்றைத் தூக்கி வந்து முன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். மாமியாருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "காத்து நல்லா வருதே, கொஞ்ச நேரம் இருப்போம்" என்றார்.

கீழேயிருந்து வந்த ஜீப் டிரைவர் ஒருவர் நிறுத்தி, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். சூடு கையை வைக்க விடவில்லை. "ஏறுன கியர்லயே இறங்கணும் சார், பிரேக்க நம்பி மலை இறங்கலாமா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றக் கூடாது, சும்மா ஆற விடுங்கள் என்று சொல்லிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தேன். பெடல் பழையபடி கல் மாதிரி நின்றது. "சரியாயிடுச்சாங்க?" என்றாள் மனைவி. சரியாகவில்லை, ஆறியிருக்கிறது என்று சொல்ல அப்போது எனக்கு விவரம் போதாது. "ம்" என்றேன். முதல் கியரிலேயே மீதி மலையை இறங்கினோம்.

பைபாஸ் ரோட்டில் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் மறு வாரம் வண்டியைக் கொண்டு போனேன். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பானட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். பக்கத்தில் புது ஆயிலை இன்னொரு பாட்டிலில் ஊற்றி வைத்தார். புதியது இளநீர் மாதிரி தெளிவாக இருந்தது. என்னுடையது கருப்பட்டிக் காபி.

"இத எப்ப சார் மாத்துனீங்க?"

"எதை?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் உறைத்தது.

பிறகு அவர் சொன்னதையும், அதற்குப் பின் நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் வகை இல்லை. நம் கார்களில் இருக்கிற டாட் 3, டாட் 4 இரண்டுமே காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் திரவங்கள். மழைக்காலத்து உப்புச் சாடியைப் போல. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய் வழியாக, சீல் வழியாக ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறும். புது டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி சூடு வேண்டும். ஈரம் ஏறியதற்கு 140 டிகிரி போதும் என்று தர அளவே இறங்கிவிடுகிறது. நீளமான மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சக்கரத்தின் பக்கம் அந்தச் சூடு வரும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் காலின் பலம் சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்க முடியும். ஆகவே நாம் மிதிக்கிற மிதி குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். ஆறினதும் குமிழி கரைந்து, பெடல் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். பெரும்பாலான கார்களுக்கு இதை இரண்டு ஆண்டுக்கு ஒருதரம் மாற்றச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு முக்கியமாக ஆண்டுக் கணக்குதான், ஓடினாலும் ஓடாவிட்டாலும். எங்கள் 2019 சர்வீஸ் பில்லை வீட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன். அடியில், பிரேக் ஆயில் மாற்றப் பரிந்துரை என்று எழுதியிருந்தது. எதிரே, அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு அடையாளமாக என் கையெழுத்து.

"ஓடிக் கெடுறது ஒண்ணு, நின்னு கெடுறது ஒண்ணு சார்" என்றார் மெக்கானிக். "ஓடிக் கெடுற வண்டி சத்தம் போட்டுடும். நின்னு கெடுறது வாயே தொறக்காது."

சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவரின் முகம் அப்போது நினைவுக்கு வந்தது. அவர் வண்டியும் என் வண்டி மாதிரிதான், ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக.

அன்று மெக்கானிக் ஒவ்வொன்றாகக் காட்டினார். டயரின் பட்டன் தேயவே இல்லை. பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நகக்கீறல் மாதிரி வெடிப்புகள். டயரின் விலாவில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும், 2314 என்றால் 2014-ன் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். ரப்பருக்கும் பிறந்த தேதி உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து அப்பளம். ஏசி ஃபில்டரில் ஒரு வேப்பமரத்தின் பாதிச் சருகு. இன்ஜின் மேல் எலி ஒன்று குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது. வயரைக் கடிக்காமல் விட்டது அதன் பெருந்தன்மை. புகையிலைப் பொட்டலம் ஒன்றை உள்ளே கட்டித் தொங்கவிட்டார். அது எலிக்கு ஆகாதாம். ஆகிறதோ இல்லையோ, வண்டிக்குள் இப்போது எங்கள் தாத்தாவின் வாசம்.

இன்ஜின் ஆயிலைப் பற்றித்தான் நான் மிகவும் தவறாக நினைத்திருந்தேன். ஓடாத வண்டியில் ஆயில் எப்படிக் கெடும் என்று கேட்டேன். ஓடாததால் கெடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஓடியதால் கெட்டது என்றார். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பங்கும், எரியாத பெட்ரோல் கொஞ்சமும் பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயிலோடு கலக்கும். வண்டி தஞ்சாவூர் வரை ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இதெல்லாம் ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் போய் நிறுத்தினால், ஆயில் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். ஈரமும் பெட்ரோலும் அங்கேயே தங்கி அமிலமாகி, ஆயிலில் சேர்த்திருக்கும் காப்பு மருந்துகளைத் தின்னும். இப்படியே மூன்று வருடம். ஆக, என் மீட்டரிலிருந்த ஒவ்வொரு கிலோமீட்டரும் நெடுஞ்சாலைக் கிலோமீட்டரைவிடக் கடினமானது. மெதுவாக, கொஞ்சமாக, வீட்டைச் சுற்றியே ஓட்டியதால் வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நான் எண்ணியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கையேட்டை முதல் முறையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். பின்னால் இன்னொரு அட்டவணை இருந்தது. கடுமையான சூழலில் ஓடும் வண்டிகளுக்கு என்று தலைப்பு. கடுமையான சூழல் என்றால் ராஜஸ்தான் பாலைவனம், லடாக் பனி என்று நினைத்திருந்தேன். அவர்கள் எழுதியிருந்தது: அடிக்கடி குறுகிய தூரப் பயணம், நின்று நின்று நகரும் நெரிசல், தூசி, அதிக வெப்பம். திருவாரூர் கடைத்தெருவில் மே மாதத்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்று ஒருவர் எழுதினாலும் இதைத்தான் எழுதியிருப்பார். நமக்கு அன்றாட வாழ்க்கையாக இருப்பது, அந்தப் புத்தகத்தில் கடுமையான சூழல். முன் பக்கத்திலுள்ள பத்தாயிரம் யாருக்கோ எழுதியது. நமக்கு எழுதியது பின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, இன்னும் சீக்கிரம் மாற்று என்று.

அப்படியானால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஐயாயிரம்தான் சரியா? முழுக்க அப்படியும் இல்லை. அவர் காலத்து ஆயில் வேறு. இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் அதைவிட நெடுநாள் தாங்கும்; நெடுஞ்சாலையில் மாதம் இரண்டாயிரம் ஓட்டுகிறவர் ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஆயிலைக் கொட்டுவது வீண் செலவு. சர்வீஸ் மையங்களில் நம்மிடம் விற்கிற சில சங்கதிகளும் அப்படித்தான்: இன்ஜின் ஃபிளஷ், டீகார்பனைசிங், டெஃப்ளான் பூச்சு, வாசனைப் புகை. கேட்டால் வண்டி பறக்கும் என்பார்கள். கையேட்டில் இல்லாததை வேண்டாம் என்று சொல்ல நான் இப்போது கூச்சப்படுவதில்லை. கையேட்டில் இருப்பதைத் தள்ளிப்போடத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் பெரியவரிடம் எண்ணைத் தாண்டி வேறொன்று இருந்தது. அம்பாஸடர் வைத்திருந்தவர்கள் காலையில் வண்டியை எடுக்கும் முன் பானட்டைத் தூக்காமல் இருந்ததில்லை. டிப் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர். பேட்டரிக்குத் தண்ணீர். ஒரு கண் தரையில், இரவு எங்கே சொட்டியிருக்கிறது என்று. அந்த வண்டி நம்பகமில்லாதது, ஆகவே தினம் பார்த்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலைச் சடங்கு நம் வீட்டு வாசல்களிலிருந்து மறைந்தது. சாவியைத் திருப்பினால் கிளம்பும் வண்டியின் வயிற்றை எதற்குத் திறக்க வேண்டும்? அம்பாஸடர், மாருதி 800 இரண்டும் உற்பத்தி நின்றது 2014-ல்தான், நான் என் காரை வாங்கிய அதே ஆண்டு. எட்டு ஆண்டில் என் வண்டியின் பானட்டை நான் எத்தனை முறை திறந்திருப்பேன் என்று யோசித்தேன். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற மூன்று நான்கு முறை. மற்றபடி மாலை போட்டது அதன் மேல்தான்.

வண்டி நல்லதாக ஆக ஆக, அதைப் பார்க்காமல் போகக்கூடிய தூரம் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. தினம் பார்த்தது ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஆனது, ஐயாயிரம் பத்தாயிரம் ஆனது. இதை அத்தனை நாளைக்கு ஒருமுறை கவனித்தால் போதும் என்று நாம் படிக்கிறோம். எழுதியவர் சொல்வது, மறந்திருப்பதற்கு உனக்கு இதுவே கடைசி எல்லை என்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு மலைச்சாலை நீளம் இருக்கிறது.

மீட்டருக்கு ஒரு குணம். சக்கரம் சுற்றினால்தான் அது எண்ணும். அதையே கேட்டுக்கொண்டிருந்தால், நிற்கும் பொருளுக்கு ஒன்றும் நேர்வதில்லை என்று நம்பிவிடுவோம். 2020 மார்ச் ஊரடங்கு இந்த நம்பிக்கையை வீதி வீதியாக உடைத்தது. ஒரு கிலோமீட்டரும் ஓடாத கார்கள் பேட்டரி செத்து, பிரேக் இறுகி, டயர் ஒரு பக்கமாகச் சப்பையாகிக் கிடந்தன. அப்போதாவது நான் கற்றிருக்க வேண்டும். பேட்டரியை மாற்றிவிட்டு, வண்டி சரியாகிவிட்டது என்று எழுதிக்கொண்டேன்.

இதில் சொந்த வண்டிக்கென்று ஒரு பரிதாபம் உண்டு. வாடகைக் கார் வைத்திருக்கிறவர் வண்டியை எஃப்.சி. சோதனைக்குக் காட்டியே ஆக வேண்டும். பிரேக், விளக்கு, டயர் என்று அவருக்குத் திட்டு விழும், அலுத்துக்கொண்டே மாற்றுவார். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதுவரை புகைச் சான்றிதழ் தவிர, வண்டி எப்படி இருக்கிறது என்று அரசாங்கம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முகம் தெரியாத பயணி ஏறும் வண்டியை ஒருவர் குனிந்து பார்க்கிறார். பெற்ற பிள்ளையும் பெற்ற தாயும் ஏறும் வண்டியைப் பார்க்க, வீட்டுக்காரரை விட்டால் ஆளில்லை. வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருக்கிறார். அந்தப் பழத்தை நான் கேலி செய்யவில்லை. இந்த ஆண்டும் வைப்பேன். வண்டியின் முன்னால் கைகூப்பி ஒரு நிமிடம் நிற்பது நல்ல பழக்கம்தான். அந்த ஒரு நிமிடம் கண்ணையும் மூடிக்கொண்டுவிட்டேன் என்பதுதான் என் குறை.

நிற்கும் வண்டியையும் பார்க்க வேண்டும் என்பதை, எங்கள் ஊரில் இருந்துகொண்டு நான் அறியாமல் போனதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, நான்கு வீதி மட்டும் ஓடுகிற வண்டி ஒன்று கீழவீதியில் நிற்கிறது. ஆழித்தேர். அலங்கரித்து எழுப்பினால் 96 அடி. ஸ்டேஷனுக்கு என் கார் இரண்டு நடை போய் வருகிற தூரம்கூட அதன் ஓராண்டு ஓட்டத்தில் வராது. என் தத்துவப்படி அதற்குச் சர்வீஸே தேவைப்படாது. ஆனால் பங்குனி நெருங்கும்போது, மூடியிருந்த கூரையைப் பிரித்து, சக்கரத்தையும் அச்சையும் பார்த்து, மசகு போட்டு, இற்றுப்போன மரத்தை மாற்றி, மூங்கிலை ஏற்றிக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். பொறியாளர்கள் வந்து பார்த்து, ஓடலாம் என்று சொல்ல வேண்டும். போன ஆண்டுதானே பார்த்தோம், அதற்குப் பிறகு ஓடவே இல்லையே என்று யாரும் கேட்பதில்லை. ஓடாமல் நின்றதனால்தான் பார்க்கிறார்கள். பல ஆண்டு ஓடாமல் கிடந்து 1970-ல் மறுபடி ஓடிய தேர் அது. நின்றால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும்.

திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு இருக்கின்றன. இருந்தும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கூடவே வருகிறார்கள். உருளுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி நடந்து, தக்க நொடியில் கட்டையைச் செருகி, தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கை. வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான பேர் மேலே கலசத்தைப் பார்க்கிறார்கள், சாமியைப் பார்க்கிறார்கள். முட்டுக்கட்டைக்காரர் பார்ப்பது சக்கரம் ஒன்றைத்தான். இவ்வளவு அரிய வேலையைச் செய்கிற கட்டையின் பெயரை, காரியத்தைக் கெடுப்பதற்கு அடைமொழியாக்கி வைத்திருக்கிறோம். எங்கும் இடிக்காமல் தேர் நிலைக்கு வந்தால் அன்று எதுவும் நடக்கவில்லை என்று பொருள். எதுவும் நடக்காததற்கு யார் காரணம் என்று நிலையடி முடிந்து வீடு திரும்புகிறவர்கள் கேட்டுக்கொண்டு போவதில்லை. சிறுவயதிலிருந்து அந்தக் கூட்டத்தில் நானும் போயிருக்கிறேன். கொல்லிமலையில் மைத்துனி கல்லைத் தூக்கி வந்து சக்கரத்தடியில் வைத்தபோதுதான், அந்தக் கட்டையைப் பிடித்தவரின் கை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பட்டறையில் அன்று மாலை வேலை முடிந்தது. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், நான்கு சக்கரத்திலும் காற்று வெளியேற்றிய புது பிரேக் ஆயில். டயருக்கு அடுத்த மாதம் என்று நாள் குறித்துக்கொண்டோம், பென்ஷன் வந்த பிறகு. மெக்கானிக்கே ஓட்டி, பைபாஸில் ஒரு வெள்ளோட்டம் பார்த்து வந்தார். பெடலை என்னை மிதிக்கச் சொன்னார். இறுகி நின்றது. கொல்லிமலையில் ஆறினபோதும் இப்படித்தான் நின்றது என்று சொன்னேன். "அதான் சார், கால வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. தொறந்துதான் பாக்கணும்" என்றார்.

ஆயில் கம்பெனி கொடுத்த ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, அடுத்த சர்வீஸ் என்கிற கட்டத்தில் 54,500 என்று எழுதினார். கதவை ஒட்டிய தூணில் ஒட்டப் போனவரை நிறுத்தினேன்.

"அண்ணே, அதுல தேதியும் போடுங்க. கிலோமீட்டர் போட்டா நான் வரமாட்டேன்."

"எந்தத் தேதி போட?"

"ஆயுத பூஜைக்கு முந்தின வாரம்?"

அவர் தலையை ஆட்டினார். "அந்த வாரம் வேணாம் சார். ஊரே வாட்டர் சர்வீஸுக்கு வந்து நிக்கும். கழுவறதுக்கே கை காணாது. உள்ள தொறந்து பாக்கற வேலைய அவசரத்துல செய்யக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். "தேர் கட்ட ஆரம்பிப்பாங்கல்ல, மூங்கில் வந்து எறங்குனதும் எடுத்துட்டு வந்துடுங்க. நீங்க அந்தப் பக்கந்தானே தெனம் போறீங்க."

ஸ்டிக்கரில் தேதிக்கென்று கட்டம் இல்லை. 54,500-க்குக் கீழே, ஆயில் டப்பாவின் படத்துக்கு மேலேயே, பால்பாயின்ட் பேனாவை இரண்டு தரம் உதறி, கொட்டை எழுத்தில் 'தேர்' என்று எழுதி ஒட்டினார்.